அனிமல் ஹவுஸ் (திரைப்படம்)

நேஷனல் லாம்பூன்ஸ் அனிமல் ஹவுஸ் என்பது 1978 ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெளிவந்த அமெரிக்க நகைச்சுவைத் திரைப்படமாகும். சுருக்கமாக அனிமல் ஹவுஸ் என அழைக்கப்படும் இத்திரைப்படத்தை ஜான் லாண்டிஸ் இயக்கினார். ஹரோல்ட் ராமிஸ், டக்ளஸ் கென்னி, கிறிஸ் மில்லர் ஆகிய மூவரும் இணைந்து திரைக்கதை எழுதினர். மேட்டி சிம்மன்ஸ், ஐவன் ரைட்மன் ஆகியோர் தயாரித்த இப்படத்தை யுனிவர்சல் நிறுவனம் வெளியிட்டது.

1962 ஆம் ஆண்டில் ஃபேபர் கல்லூரி என்னும் கற்பனைக் கல்லூரியில் நடப்பதாக இதன் கதை அமைந்துள்ளது. எனினும் கதையின் பெரும்பகுதி எழுத்தாளர்கள் தாம் பயின்ற கல்லூரிகளில் கண்டவற்றிலிருந்து எடுக்கப்பட்டது. வெளியீட்டுக்கு முன்னர் இப்படத்தின் மீது தயாரிப்பு நிறுவனமோ கல்வி நிறுவனங்களோ பெரிய நம்பிக்கை எதுவும் வைத்திருக்கவில்லை. ஏறத்தாழ 30 இலட்சம் டாலர் செலவில் எடுக்கப்பட்ட இப்படம், பின்னாளைய மறுவெளியீடுகளையும் சேர்த்து வட அமெரிக்காவில் மட்டும் 14 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 2001 ஆம் ஆண்டு அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இது சேர்க்கப்பட்டது.

பின்னணி

அமெரிக்கக் கல்லூரிகளில் ஃபிரட்டர்னிட்டி எனப்படும் ஆண் மாணவர் சங்கங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலே வேரூன்றியவை. இவை பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்டவை. உறுப்பினர்கள் கல்லூரிக்கு அருகிலுள்ள ஒரு வீட்டில் சேர்ந்து வாழ்வர். புதிய மாணவர்களை யார் சேர்க்கலாம், யாரைத் தள்ளலாம் என்பதைப் பழைய உறுப்பினர்களே முடிவு செய்வர். ஒருவருடைய தந்தையோ அண்ணனோ முன்னர் அதே சங்கத்தில் இருந்திருந்தால் அவருக்கு முன்னுரிமை உண்டு. சேர்க்கைச் சடங்கு என்ற பெயரில் புதியவர்களைத் துன்புறுத்தும் வழக்கமும் இச்சங்கங்களில் இருந்து வந்துள்ளது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ராகிங் எனப்படுவதோடு இதனை ஒப்பிடலாம்.

கட்டுப்பாடின்றிக் குடித்துக் கும்மாளமிடும் சங்கத்தின் வீட்டை மற்றவர்கள் 'விலங்குகளின் வீடு' எனக் கேலியாக அழைப்பதுண்டு. படத்தின் தலைப்பு இதிலிருந்து பிறந்தது. தலைப்பின் முற்பகுதி, 1970 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நேஷனல் லாம்பூன் என்னும் நகைச்சுவை மாத இதழின் பெயராகும்.

கல்லூரியைக் களமாகக் கொண்ட நகைச்சுவைப் படங்கள் ஹாலிவுட்டுக்குப் புதியவை அல்ல. பேசாப்படக் காலத்திலேயே ஹரோல்ட் லாய்டின் த ஃபிரெஷ்மேன் (1925) வெளிவந்தது. மார்க்ஸ் சகோதரர்களின் ஹார்ஸ் ஃபெதர்ஸ் (1932) படமும் ஒரு கல்லூரியையே கேலி செய்தது. எனினும் கல்லூரி விடுதி வாழ்வை அதன் அழுக்கோடும் கூச்சலோடும் காட்டிய முதல் பெரும் வெற்றிப்படமாக அனிமல் ஹவுஸ் கருதப்படுகிறது.

கதை

பின்வரும் பகுதியில் கதையின் முடிவும் தரப்பட்டுள்ளது.

ஃபேபர் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த லாரி குரோகர், கென்ட் டார்ஃப்மன் ஆகிய இருவரும் ஏதேனும் ஒரு சங்கத்தில் சேர விரும்புகின்றனர். செல்வமும் செல்வாக்கும் மிகுந்த ஒமேகா சங்கத்தின் விருந்தில் அவர்கள் நாகரிகமாக ஒதுக்கப்படுகின்றனர். பார்வையற்ற மாணவர், வெளிநாட்டு மாணவர் முதலியோரோடு ஒரு மூலையில் அமர வைக்கப்படுகின்றனர். பின்னர் கல்லூரியிலேயே மிக மோசமான பெயர் பெற்ற டெல்டா சங்கத்துக்குச் செல்கின்றனர். கென்டின் அண்ணன் அங்கு உறுப்பினராக இருந்தவர் என்பதால் அவனுக்கும், அவனோடு லாரிக்கும் இடம் கிடைக்கிறது.

கல்லூரி டீன் வெர்னன் வோர்மர் டெல்டா சங்கத்தை ஒழித்துவிட உறுதி பூண்டுள்ளார். அச்சங்கத்தினருக்கே தெரியாமல் அதனை இரகசியக் கண்காணிப்பில் வைக்கிறார். ஆதாரம் தேடித் தரும் பணி ஒமேகா சங்கத் தலைவனிடம் ஒப்படைக்கப்படுகிறது. இதற்கிடையே, தன்னைக் கொடுமைப்படுத்தும் படைப்பயிற்சித் தலைவனின் குதிரையைக் கென்ட் இரவில் டீனின் அறைக்குள் கொண்டு செல்கிறான். நண்பர்கள் கொடுத்த துப்பாக்கியில் வெற்றுத் தோட்டா மட்டுமே உள்ளது என்பதை அவன் அறியான். கூரையை நோக்கிச் சுடுகிறான். சத்தத்தில் அதிர்ந்த குதிரை மாரடைப்பால் இறந்து விடுகிறது.

தேர்வு விடைகளைத் திருடும் டெல்டா மாணவர்கள், ஒமேகா மாணவர்கள் மாற்றி வைத்த தவறான விடைகளை எழுதித் தோற்கின்றனர். கவலையை மறக்க, பண்டைய உரோமர்களைப் போலப் படுக்கை விரிப்புகளை உடுத்திக்கொண்டு டோகா விருந்து ஒன்றை நடத்துகின்றனர். இதைக் காரணமாகக் கொண்டு விசாரணை நடத்தப்பட்டுச் சங்கத்தின் உரிமம் பறிக்கப்படுகிறது. பின்னர் உறுப்பினர் அனைவரும் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்படுகின்றனர்.

இழக்க ஏதுமற்ற நிலையில், பழைய மாணவர்கள் கல்லூரிக்குத் திரும்பி வந்து கூடும் ஹோம்கமிங் விழா ஊர்வலத்தைக் குலைத்து அவர்கள் பழி தீர்த்துக் கொள்கின்றனர். இறுதியில் ஒவ்வொரு பாத்திரமும் பிற்காலத்தில் என்ன ஆனார் என்பது எழுத்தில் காட்டப்படுகிறது. கல்லூரியில் எதையும் படிக்காத புளூட்டோ அமெரிக்க மேலவை உறுப்பினராகிறார். லாரி குரோகர் நேஷனல் லாம்பூன் இதழின் ஆசிரியராகிறார். டெல்டா மாணவர்களைத் துன்புறுத்திய படைப்பயிற்சித் தலைவன் வியட்நாமில் தன் சொந்தப் படையினராலேயே கொல்லப்படுகிறான்.

நடிகர்கள்

ஜான் பெலூஷி - ஜான் புளூட்டார்ஸ்கி (புளூட்டோ)
டிம் மாத்திசன் - எரிக் ஸ்ட்ராட்டன் (ஆட்டர்)
பீட்டர் ரீகர்ட் - டொனால்ட் ஷோன்ஸ்டைன் (பூன்)
டாம் ஹல்ஸ் - லாரி குரோகர் (பின்டோ)
ஸ்டீபன் ஃபர்ஸ்ட் - கென்ட் டார்ஃப்மன் (ஃபிளவுண்டர்)
புரூஸ் மெக்கில் - டி-டே
ஜான் வெர்னன் - டீன் வெர்னன் வோர்மர்
வெர்னா புளூம் - டீனின் மனைவி மரியன்
கேரன் ஆலன் - கேட்டி
டொனால்ட் சதர்லண்ட் - பேராசிரியர் டேவ் ஜென்னிங்ஸ்
மார்க் மெட்காஃப் - டக் நைடர்மயர்
கெவின் பேக்கன் - சிப் டில்லர்

கெவின் பேக்கன் நடித்த முதல் திரைப்படம் இதுவாகும். எழுத்தாளர் டக்ளஸ் கென்னியும் ஸ்டார்க் என்னும் சிறு வேடத்தில் தோன்றுகிறார்.

எழுத்தாளர்களும் அவர்களுடைய கல்லூரிகளும்

ஃபேபர் கல்லூரி எந்தக் கல்லூரியைக் குறிக்கிறது என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. திரைக்கதையை எழுதிய மூவரும் மூன்று வெவ்வேறு இடங்களில் பயின்றவர்கள்.

கிறிஸ் மில்லர் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தின் டார்ட்மத் கல்லூரியில் பயின்று 1963 ஆம் ஆண்டு வகுப்பைச் சேர்ந்தவர். அங்கு ஆல்ஃபா டெல்டா ஃபை சங்கத்தில் உறுப்பினராக இருந்தார். அந்நாளில் டார்ட்மத்தில் ஆண்கள் மட்டுமே பயின்றனர். 1972 ஆம் ஆண்டில்தான் பெண்கள் முறையாகச் சேர்க்கப்பட்டனர். படத்தில் டெல்டா மாணவர்கள் ஒரு பெண்கள் கல்லூரிக்குக் காரில் செல்லும் பகுதி, டார்ட்மத் மாணவர்களிடையே நிலவிய வழக்கத்தை நினைவூட்டுவது. மில்லர் தன் சங்க அனுபவங்களை 1970களில் நேஷனல் லாம்பூன் இதழில் சிறுகதைகளாக எழுதினார். பின்டோ என்பது சங்கத்தில் அவருக்கு வழங்கிய பட்டப்பெயராகும். 2006 ஆம் ஆண்டில் அதே அனுபவங்களைத் தன்வரலாற்று நூலாகவும் வெளியிட்டார்.

டக்ளஸ் கென்னி ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். அங்கு மாணவர் நகைச்சுவை இதழில் எழுதத் தொடங்கி, பின்னர் ஹென்றி பியர்ட், ராபர்ட் ஹாஃப்மன் ஆகியோருடன் நேஷனல் லாம்பூன் இதழைத் தொடங்கினார். ஓர் உயர்நிலைப் பள்ளியின் ஆண்டு மலரைப் பகடி செய்து 1974 இல் அவ்விதழ் வெளியிட்ட தனி மலர் பெரும் வரவேற்பைப் பெற்றது. பழைய பள்ளி, கல்லூரி நினைவுகளைக் கேலியாக்கினால் வாசகர்கள் விரும்பி வாங்குவர் என்பதை அம்மலர் காட்டியது.

ஹரோல்ட் ராமிஸ் மிசூரி மாநிலம் செயின்ட் லூயிசில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். தன் முதலாண்டு அனுபவங்களைக் கொண்டு முதலில் ஒரு கதைச் சுருக்கம் எழுதினார். அது எதிர்பார்த்த அளவு அமையாததால் கென்னியும், பின்னர் மில்லரும் சேர்க்கப்பட்டனர். தயாரிப்பாளர் ஐவன் ரைட்மன் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். இயக்குநர் ஜான் லாண்டிஸ் மட்டும் கல்லூரிக்கே சென்றதில்லை. உயர்நிலைப் பள்ளியையும் இடையில் விட்டவர் அவர். முதல் வரைவில் எல்லாப் பாத்திரங்களும் ஒரே அளவு மோசமானவர்களாக இருந்ததாகவும், பார்ப்பவர் சார்ந்து நிற்க நல்லவர் ஒரு பக்கமும் தீயவர் ஒரு பக்கமும் வேண்டும் என லாண்டிஸ் வற்புறுத்தியதாகவும் கூறப்படுகிறது. டெல்டா, ஒமேகா ஆகிய இரு சங்கங்களின் தெளிவான எதிர்நிலை இவ்வாறு உருவானது.

தயாரிப்பு நிறுவனத்தின் எதிர்பார்ப்பு

யுனிவர்சல் நிறுவனத்தின் மூத்த நிர்வாகிகளுக்குத் திரைக்கதை பிடிக்கவில்லை. இளைய நிர்வாகிகளின் ஆதரவினாலேயே படம் அனுமதி பெற்றது. அனுமதிக்கு முக்கியக் காரணம், செலவு மிகக் குறைவு என்பதே. படம் தோற்றாலும் நிறுவனத்துக்குப் பெரிய இழப்பில்லை என்பது கணக்கு.

நடிகர்களுள் பெரும்பாலோர் அன்று அறியப்படாதவர்கள். ஜான் பெலூஷி சாட்டர்டே நைட் லைவ் என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியால் புகழ் பெற்றிருந்தாலும் திரைப்படத்தில் அவருடைய ஈர்ப்பு சோதிக்கப்படவில்லை. அதே நிகழ்ச்சியால் புகழ் பெற்ற செவி சேஸ் ஆட்டர் வேடத்துக்கு அணுகப்பட்டார். அவர் அதனை விடுத்து ஃபவுல் பிளே என்னும் வேறொரு நகைச்சுவைப் படத்தில் நடித்தார். பூன் வேடத்தைத் தனக்காகவே எழுதிய ராமிஸ், அவ்வேடத்துக்கு வயது கூடியவராகத் தோன்றுவார் என லாண்டிஸ் கருதியதால் நடிக்கவில்லை.

அறியப்பட்ட திரை நட்சத்திரம் ஒருவராவது இருக்க வேண்டும் என நிறுவனம் வற்புறுத்தியது. லாண்டிஸ் தனக்கு முன்பே பழக்கமான டொனால்ட் சதர்லண்டை அழைத்தார். சில நாள் வேலைக்கு இலாபத்தில் பங்கு தர நிறுவனம் முன்வந்தது. படம் ஓடும் என்ற நம்பிக்கை சதர்லண்டுக்கு இல்லாததால் பங்கை மறுத்து நிலையான ஊதியத்தைப் பெற்றுக்கொண்டார். இம்முடிவால் பல இலட்சம் டாலரை இழந்ததாகப் பிற்காலப் பேட்டிகளில் அவரே சிரித்துக்கொண்டு குறிப்பிட்டுள்ளார்.

கல்வி நிறுவனங்களின் மறுப்பும் ஒரிகன் பல்கலைக்கழகமும்

படம்பிடிக்கப் பழைய கட்டடங்களும் புல்வெளிகளும் கொண்ட உண்மையான கல்லூரி வளாகம் தேவைப்பட்டது. அணுகப்பட்ட பல கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் திரைக்கதையைப் படித்த பின் மறுத்துவிட்டன. டீன் ஏமாளியாகவும் கொடுங்கோலராகவும், மாணவர்கள் குடிகாரர்களாகவும் காட்டப்படும் படத்துக்குத் தம் வளாகத்தைக் கொடுக்க எந்த நிர்வாகமும் விரும்பவில்லை. பெற்றோரும் நன்கொடையளிக்கும் பழைய மாணவர்களும் என்ன நினைப்பர் என்ற அச்சமும் இதில் அடங்கும்.

யூஜீன் நகரில் உள்ள ஒரிகன் பல்கலைக்கழகம் மட்டும் இசைந்தது. அப்போதைய தலைவர் வில்லியம் பாய்ட் இசைந்ததற்கு ஒரு காரணம் கூறப்படுகிறது. முன்னர் கலிபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் நிர்வாகப் பொறுப்பில் அவர் இருந்தபோது, ஒரு படக்குழுவினர் இடம் கேட்டு வந்தனர். திரைக்கதையில் சிறப்பு ஏதும் இல்லை எனக் கருதி அப்போது மறுக்கப்பட்டது. அப்படமே பின்னர் பெரும் புகழ்பெற்ற த கிராஜுவேட் (1967). திரைக்கதையைப் படித்து ஒரு படத்தின் தரத்தை அளவிடத் தன்னால் இயலாது என அதிலிருந்து முடிவு செய்த பாய்ட், இம்முறை தடை சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தின் பெயர் படத்தில் வரக்கூடாது என்பதே முக்கிய நிபந்தனையாக இருந்தது. தன் சொந்த அலுவலக அறையையே டீன் வோர்மரின் அறையாகப் பயன்படுத்தவும் அவர் அனுமதித்தார். குதிரை இறக்கும் காட்சியின் களம் அவ்வறையே.

படப்பிடிப்பு

1977 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் படப்பிடிப்பு நடைபெற்றது. வகுப்புகள் நடந்துகொண்டிருந்த வளாகத்தில், ஒரிகன் மாணவர்கள் பலர் கூட்டக் காட்சிகளில் தோன்றினர். உணவை வீசியடிக்கும் புகழ்பெற்ற சண்டை, எர்ப் மெமோரியல் யூனியன் கட்டடத்தின் ஃபிஷ்போல் எனப்படும் உணவுக்கூடத்தில் எடுக்கப்பட்டது. டெல்டா சங்க வீட்டின் வெளித்தோற்றத்துக்கு வளாகத்துக்கு அருகிலிருந்த ஒரு பழைய வீடு பயன்பட்டது. அவ்வீடு 1986 ஆம் ஆண்டு இடிக்கப்பட்டது. ஊர்வலக் காட்சிகள் அருகிலுள்ள காட்டேஜ் குரோவ் என்னும் சிற்றூரின் முதன்மைத் தெருவில் எடுக்கப்பட்டன.

டெல்டா வேடம் ஏற்றவர்களை லாண்டிஸ் சில நாட்கள் முன்னதாகவே யூஜீனுக்கு வரவழைத்துப் பழக விட்டார். ஒமேகா வேடம் ஏற்றவர்கள் தனியாக வைக்கப்பட்டனர். இப்பிரிவினை திரையிலும் வெளிப்படுவதாகக் கருதப்படுகிறது. டெல்டா நடிகர்கள் அங்கிருந்த ஓர் உண்மையான மாணவர் சங்க விருந்துக்குச் சென்று, அங்கு கைகலப்பில் சிக்கியதும் உண்டு. பெலூஷி ஒவ்வொரு வாரமும் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக நியூயார்க்குக்குப் பறந்து திரும்பினார். அவருக்கு வசனம் மிகக் குறைவு. உணவுக்கூடத்தில் தட்டை நிரப்பிக்கொண்டே செல்வது, புருவத்தை உயர்த்திக் காமிராவை நேராகப் பார்ப்பது போன்ற உடல்மொழியே அவ்வேடத்தின் வலிமையாகும்.

இசை

இசையமைப்பாளர் எல்மர் பெர்ன்ஸ்டீன், த டென் கமாண்ட்மென்ட்ஸ், த மக்னிஃபிசென்ட் செவன் முதலிய பெரும் படங்களுக்கு இசையமைத்தவர். நகைச்சுவை என்பதை மறந்து, உணர்ச்சி மிகுந்த நாடகத்துக்கு அமைப்பது போல இசையமைக்குமாறு லாண்டிஸ் அவரைக் கேட்டுக்கொண்டார். கம்பீரமான இசையும் திரையில் நிகழும் அபத்தமும் முரண்படுவதால் சிரிப்பு கூடுகிறது. இதன் பின்னர் ஏர்பிளேன் (1980), கோஸ்ட்பஸ்டர்ஸ் (1984) முதலிய நகைச்சுவைப் படங்களும் பெர்ன்ஸ்டீனைத் தேடி வந்தன.

டோகா விருந்துக் காட்சியில் ஓட்டிஸ் டே அண்ட் த நைட்ஸ் என்னும் கற்பனை இசைக்குழு பாடுகிறது. பின்னாளில் புகழ்பெற்ற புளூஸ் இசைக்கலைஞர் ராபர்ட் கிரே அக்குழுவில் ஒருவராகத் தோன்றுகிறார்.

வரவேற்பு

வெளியீட்டுக்கு முன் டென்வர் நகரில் நடந்த சோதனைக் காட்சியில் பார்வையாளர்கள் ஆரவாரித்து வரவேற்றனர். நிறுவனத்தின் நம்பிக்கை அதன் பின்னரே மாறியது. திறனாய்வாளர்களின் கருத்து பிளவுபட்டிருந்தது. சிலர் படத்தைச் சிறுபிள்ளைத்தனமானது என்றனர். சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழின் ரோஜர் ஈபர்ட் முழுமையாக நான்கு நட்சத்திரங்கள் அளித்தார். மாணவர்கள் மீண்டும் மீண்டும் பார்த்ததால் படம் மாதக்கணக்கில் ஓடியது. 1978 இல் மிகுதியாக வசூலித்த படங்களுள் ஒன்றாக அமைந்தது.

வெற்றிக்குக் கூறப்படும் காரணங்களுள் கதையின் காலமும் ஒன்று. கதை நடக்கும் 1962, கென்னடி கொலைக்கும் வியட்நாம் போர் பெரிதாவதற்கும் முந்தைய ஆண்டு. 1978 இல் முப்பதைக் கடந்திருந்தவர்களுக்கு அது தம் கல்லூரிக் காலம். அன்றைய மாணவர்களுக்கோ போரும் போராட்டமும் இல்லாத ஒரு கல்லூரியின் கனவு. பெயர் கூறப்படாததால் ஒவ்வொரு கல்லூரியின் பழைய மாணவரும் ஃபேபரில் தம் கல்லூரியைக் கண்டனர்.

தாக்கம்

படம் வெளிவந்த ஆண்டிலேயே அமெரிக்க வளாகங்களில் டோகா விருந்துகள் பரவின. ஏபிசி தொலைக்காட்சி 1979 ஆம் ஆண்டில் டெல்டா ஹவுஸ் என்ற தொடரை ஒளிபரப்பியது. ஜான் வெர்னன், ஸ்டீபன் ஃபர்ஸ்ட், புரூஸ் மெக்கில் முதலியோர் அதிலும் தம் வேடங்களை ஏற்றனர். பெலூஷி இல்லாத அத்தொடர் 13 பகுதிகளோடு நின்றது. இதனைப் பார்த்து ஏனைய இரு பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களும் அதே ஆண்டில் கல்லூரி விடுதித் தொடர்களைத் தொடங்கின. அவற்றுள் சிபிஎஸ் நிறுவனத்தின் கோ-எட் ஃபீவர் ஒரே பகுதியோடு நிறுத்தப்பட்டது.

திரைப்படத்துறையில் இதன் தாக்கம் நீண்டது. போர்க்கீஸ் (1981), ரிவெஞ்ச் ஆஃப் த நேர்ட்ஸ் (1984), ஓல்ட் ஸ்கூல் (2003) முதலிய படங்கள் இதன் வழித்தோன்றல்களாகக் கருதப்படுகின்றன. ஓல்ட் ஸ்கூல் படத்தில் ஐவன் ரைட்மனும் நிர்வாகத் தயாரிப்பாளராகப் பங்கேற்றார். நடுத்தர வயதில் கல்லூரி வாழ்வுக்குத் திரும்ப முயலும் ஆண்களைப் பற்றியது அப்படம். 2000 ஆம் ஆண்டு அமெரிக்கத் திரைப்பட நிறுவனம் வெளியிட்ட நூறு சிறந்த நகைச்சுவைப் படங்களின் பட்டியலில் அனிமல் ஹவுஸ் 36 ஆம் இடம் பெற்றது.

விமர்சனங்களும் மறுமதிப்பீடும்

இப்படத்தில் சிரிப்புக்காக வைக்கப்பட்ட பல காட்சிகள் பிற்காலத்தில் கடுமையான விமர்சனத்துக்கு உள்ளாகியுள்ளன. ஏணி வைத்துப் பெண்கள் விடுதியை எட்டிப் பார்க்கும் காட்சியும், மயங்கிக் கிடக்கும் வயது வராத பெண்ணைப் பற்றிய காட்சியும் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. பெண்களின் இசைவைப் பற்றிய கேள்வியைப் படம் வேடிக்கையாகவே கடந்து செல்கிறது.

வெள்ளை மாணவர்கள் கறுப்பினத்தவரின் மதுக்கூடத்துக்குள் நுழையும் காட்சியைக் குறித்து, படம் வெளிவரும் முன்னரே நிறுவனத்துக்கு அச்சம் இருந்தது. அக்காட்சியைப் பார்த்த நகைச்சுவைக் கலைஞர் ரிச்சர்ட் பிரையர், அது வேடிக்கையாக உள்ளது எனவும் அதில் கேலிக்குள்ளாவோர் வெள்ளையர்களே எனவும் பொருள்படக் கூறியதால் காட்சி நீக்கப்படவில்லை எனக் கூறப்படுகிறது.

ராகிங் குறித்துப் படம் எடுக்கும் நிலையும் கவனிக்கத்தக்கது. படத்தில் புதியவர்களைக் குனிய வைத்து மட்டையால் அடிப்பவர்கள் ஒமேகா சங்கத்தினர். டெல்டா சங்கத்தில் சேர்வோருக்குப் பாட்டும் பீரும் பட்டப்பெயருமே கிடைக்கின்றன. ஆனால் படத்துக்கு மூலமான மில்லரின் கதைகளுள் ஒன்று, அவருடைய சொந்தச் சங்கத்தில் புதியவர்கள் ஓர் இரவு முழுவதும் அனுபவித்த துன்பத்தையே விவரிக்கிறது. அதாவது எழுத்தாளரின் பழைய சங்கத்தில் இருந்த கொடுமை, திரைக்கு வரும்போது எதிரிச் சங்கத்தின் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. நல்லவர், தீயவர் எனப் பிரித்ததால் கதைக்குத் தெளிவு கிடைத்தது. அன்பான நினைவும் துன்புறுத்தலும் ஒரே வீட்டில் இருந்தன என்ற உண்மை திரையில் இல்லாமல் போனது.

டார்ட்மத் கல்லூரியில் மில்லரின் சங்கம், 1969 இல் தேசிய அமைப்பிலிருந்து பிரிந்து ஆல்ஃபா டெல்டா என்ற பெயரில் இயங்கி வந்தது. அனிமல் ஹவுஸின் மூலம் என்ற பெருமையை அது பல ஆண்டுகள் பெற்றிருந்தது. புதிய உறுப்பினர்கள் சிலரின் உடலில் சூடு வைக்கப்பட்டது தெரியவந்ததை அடுத்து, 2015 ஆம் ஆண்டு டார்ட்மத் கல்லூரி அச்சங்கத்துக்கு அளித்திருந்த ஏற்பை நிரந்தரமாக விலக்கிக் கொண்டது. திரையில் டீன் வோர்மர் டெல்டா சங்கத்தை மூடும்போது பார்வையாளர்கள் டெல்டாவின் பக்கம் நிற்கின்றனர். உண்மை வாழ்வில் அத்தகைய முடிவு, துன்புற்ற மாணவர்களின் நலன் கருதி எடுக்கப்பட்டது.

பங்கேற்றோரின் பிற்காலம்

இப்படத்தின் வெற்றி பலரின் வாழ்வை மாற்றியது. ராமிஸ் கேடிஷாக் (1980), கிரவுண்ட்ஹாக் டே (1993) முதலிய படங்களை இயக்கினார். ரைட்மன் கோஸ்ட்பஸ்டர்ஸ் படத்தை இயக்கினார். லாண்டிசும் பெலூஷியும் த புளூஸ் பிரதர்ஸ் (1980) படத்தில் மீண்டும் இணைந்தனர். டாம் ஹல்ஸ், அமாடியஸ் (1984) படத்தில் மொசார்ட்டாக நடித்து ஆஸ்கார் பரிந்துரை பெற்றார்.

டக்ளஸ் கென்னி 1980 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஹவாயில் ஒரு மலை விளிம்பிலிருந்து விழுந்து இறந்தார். ஜான் பெலூஷி 1982 ஆம் ஆண்டு மார்ச் மாதம் அளவுக்கு மீறிய போதைப்பொருளால் இறந்தார். இறக்கும்போது இருவருக்கும் வயது 33. ஹரோல்ட் ராமிஸ் 2014 இலும், ஸ்டீபன் ஃபர்ஸ்ட் 2017 இலும், ஐவன் ரைட்மன் 2022 இலும், டொனால்ட் சதர்லண்ட் 2024 இலும் காலமாயினர்.

ஒரிகனில் இன்றைய நிலை

பெயர் வரக்கூடாது என்ற நிபந்தனையோடு இடம் கொடுத்த ஒரிகன் பல்கலைக்கழகம், பின்னர் இப்படத்துடனான தொடர்பைத் தானே கொண்டாடத் தொடங்கியது. அதன் ஆட்சென் விளையாட்டரங்கில் நடைபெறும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களில், மூன்றாம் கால்பகுதி முடிந்ததும் டோகா விருந்துக் காட்சியில் இடம்பெறும் ஷவுட் என்னும் பாடல் ஒலிக்கும் வழக்கம் உள்ளது. மாணவர்களும் பழைய மாணவர்களும் ஒன்றாக எழுந்து அதற்கு ஆடுவர். அப்பாடலை முதலில் 1959 ஆம் ஆண்டில் ஐஸ்லி பிரதர்ஸ் குழுவினர் பாடினர்.